தமிழ், ஆங்கில ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி: உங்கள் வகுப்பில் எது நிலைத்தது?

பென்னாகரம் தமிழய்யா | சனி, இரவு 8.40

வணக்கம். நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை தமிழ் எடுக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். மொழிப்பாட ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்று தலைப்பு. எங்கே நடந்தது, யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். நடத்தியவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் முடிந்து பேருந்தில் திரும்பும்போது, திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் எதை வேறு மாதிரி செய்யப்போகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஸ்மார்ட் போர்டை எப்படி இயக்குவது, பேனா நிறத்தை எப்படி மாற்றுவது. மதியம் பவர்பாயிண்ட். இரண்டாம் நாள் காணொளியை எங்கிருந்து இறக்குவது, அப்புறம் வினாடி வினா, சான்றிதழ். எனக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு ஆசிரியர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் இதே பயிற்சியைக் கொடுத்திருக்கலாம். மொழி என்ற ஒன்று அந்த அறைக்குள் வரவே இல்லை.

வந்திருந்தால் எதைக் கேட்டிருப்பேன் என்று சொல்கிறேன். என் ஏழாம் வகுப்பில் 23 பேர். அதில் எட்டுப் பேர் பழத்தை ‘பலம்’ என்றோ ‘பளம்’ என்றோ எழுதுகிறார்கள். வாயில் வராத எழுத்து கையில் எப்படி வரும்? போன வருடம் ஒரு நாள், செல்போனில் உள்ள ஒலிப்பதிவை எடுத்து ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் வாசிக்க வைத்து, உடனே போட்டுக் காட்டினேன். நான் இருபது தடவை திருத்தியும் கேட்காத ‘ழ’ தன் குரலைத் தானே கேட்டதும் ஒரு பெண்ணுக்குப் பிடிபட்டது. நாக்கை மடித்து மடித்துப் பார்த்தாள். நாலாவது நாள் வந்துவிட்டது. அதற்கு எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. இது போல இன்னும் பத்து இருக்குமே, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே என்பதுதான் என் ஏக்கம்.

இன்னொன்று. ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த வினாத்தாள்களைப் பென்டிரைவில் கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடந்தது. ‘ஃபான்ட் இல்லை சார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

எந்தப் பயிற்சியால் உங்கள் வகுப்பில் ஒன்று மாறி, ஒரு வருடம் கழித்தும் அது நிலைத்திருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஊத்தங்கரை இங்கிலீஷ் டீச்சர் | சனி, இரவு 9.15

ஐயா, எனக்கு நிலைத்த ஒன்று இருக்கிறது. பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது. 1963 முதல் தென் மாநில ஆங்கில ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. நமக்குப் பக்கம்தான். நான் 30 நாள் அங்கே தங்கிப் படித்தேன். கணினி, மொழி ஆய்வகம் எல்லாம் பார்த்தோம். ஆனால் இன்றும் நான் செய்வது அங்கே ஒரு மாலை சொல்லிக்கொடுத்த மிகச் சின்ன வேலை. உங்கள் வகுப்பையே பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஊருக்கு வந்து செய்தேன். பத்து நிமிடத்தில் எட்டரை நிமிடம் நானே பேசியிருந்தேன். மீதியில் பாதி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்ன ‘யெஸ் டீச்சர்’. இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய 34 பேரில் தனியாக ஒரு முழு வாக்கியம் பேசியவர்கள் இரண்டே பேர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு என் பாடம் மாறியது. இருவர் இருவராக உட்கார வைத்துப் பேச விடுகிறேன். மாதம் ஒருமுறை மறுபடி பதிவு செய்கிறேன். இப்போது என் பங்கு நாலு, ஐந்து நிமிடத்துக்குள் நிற்கிறது. போர்டு இல்லை, இணையம் இல்லை. எல்லோர் கையிலும் இருக்கும் போன்தான்.

அதியமான்கோட்டை | சனி, இரவு 9.32

டீச்சர், இதைத் திங்கட்கிழமையே செய்து பார்க்கிறேன். மனது கொஞ்சம் பயப்படுகிறது. ஆனாலும் செய்கிறேன்.

மொரப்பூர் பயிற்றுநர் | சனி, இரவு 10.05

நான் ஆசிரியர் பயிற்றுநர். தமிழய்யா சொன்னது எனக்கு வலிக்கிறது, ஆனால் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பயிற்சிக் கட்டகம் மேலிருந்து தயாராக வரும். அதை நாங்கள் ஒரு நாளில் கேட்டு, மறுநாள் வட்டார வள மையத்தில் அறுபது பேருக்குச் சொல்ல வேண்டும். அறுபது பேர், ஒரு புரொஜெக்டர். ‘உங்கள் வகுப்பில் என்ன பிரச்சினை’ என்று ஆளுக்கு மூன்று நிமிடம் கேட்டாலே மூன்று மணி நேரம் போய்விடும். அதனால் எல்லோருக்கும் பொதுவானது எதுவோ, பொத்தான், மெனு, பதிவிறக்கம், அதைச் சொல்லி முடிக்கிறோம். நம் ஆட்களிடம் நல்ல எண்ணம் இல்லாமல் இல்லை. அந்த அமைப்பில் அதுதான் விளையும்.

பி.எட். புத்தகங்களில் ஒரு படம் வரும், பார்த்திருப்பீர்கள். மூன்று வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். மிஸ்ரா, கோலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006-இல் எழுதியது. மூன்றும் சேரும் நடு இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நாம் நடத்துவது மூன்றாவது வட்டத்தை மட்டும். ‘ழ’ வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்பது முதல் இரண்டு வட்டத்தில் தொடங்குகிற கேள்வி. அங்கே தொடங்கினால் செல்போன் தானாகவே வந்து சேரும். போனில் தொடங்கினால் ‘ழ’ வரவே வராது.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்று வரை எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி வந்தது. ஒரே தடவையோடு முடியாமல், அதே ஆட்கள் மறுபடி மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டாம் பருவத்தில் வந்தவர்கள் ‘போன தடவை சொன்னது எங்களிடம் எடுபடவில்லை’ என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைதான் உண்மையான பயிற்சி என்று எனக்குத் தோன்றியது. மொழிக்கான தொழில்நுட்பப் பயிற்சியில் அந்த இரண்டாவது சந்திப்பு எப்போதும் இல்லை.

தளி எல்லைப் பள்ளி | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். நான் தளி பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். தமிழய்யா வகுப்பில் எட்டுப் பேருக்கு ‘ழ’ வரவில்லை. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழே வீட்டு மொழி இல்லை. சிலர் தெலுங்கு, சிலர் கன்னடம். பள்ளிக்கூட வாசலில்தான் தமிழைச் சந்திக்கிறார்கள். 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் படிக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு வரும் பயிற்சி எல்லாம், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மனதில் வைத்தே வருகிறது. பாட்டும் படமும் ஓடும். பிள்ளை திரையைப் பார்த்துச் சிரிக்கும். பாட்டு நின்றதும் ஒரு சொல்லும் அதனிடம் இருக்காது.

நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளின் வீட்டுச் சொற்களைப் போனில் பதிவு செய்தேன். நாலாம், ஐந்தாம் வகுப்பு அக்காமார்தான் குரல் கொடுத்தார்கள். ஒரு படம், அதற்கு மூன்று குரல். பால் படத்துக்குத் தமிழில் ‘பால்’, தெலுங்கில் ‘பாலு’, கன்னடத்தில் ‘ஹாலு’. பத்து என்றால் கன்னடத்தில் ‘ஹத்து’. பல்லி ‘ஹல்லி’. நாலைந்து படம் கேட்டதும் கன்னடம் பேசும் ஒரு பையன் எழுந்து, ‘டீச்சர், எங்க ஹ-வை ப ஆக்கினா தமிழ்’ என்றான். ஏழு வயது. எந்தப் புத்தகமும் சொல்லாததை அவன் காதே கண்டுபிடித்துவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் அது பொருந்தாது, எனக்குத் தெரியும். ஆனால் தமிழ் அந்நிய மொழி இல்லை, நம் மொழிக்குச் சொந்தக்கார மொழி என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

தமிழய்யாவின் ‘ழ’வுக்கும் இதில் வழி இருக்கிறது. நாம் ‘கோழி’ என்பது கன்னடத்தில் ‘கோளி’, தெலுங்கில் ‘கோடி’. நாம் ‘ஏழு’ என்பது கன்னடத்தில் ‘ஏளு’, தெலுங்கில் ‘ஏடு’. ஆக என் பிள்ளை ‘கோளி’ என்று எழுதினால் அது சோம்பலோ கவனக்குறைவோ இல்லை. வீட்டில் கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு திருத்துவது வேறு, தெரியாமல் சிவப்பு மையால் சுழிப்பது வேறு. இந்த வட்டாரத்து மொழி ஆசிரியருக்கு முதல் பயிற்சி இதுவாக இருக்க வேண்டும். ஒலிப்பதிவை எப்படி வெட்டி ஒட்டுவது என்பது அதற்குப் பிறகு அரை மணி நேர வேலை. அதற்கான ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அலை அலையாக ஒலி திரையில் தெரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அத்தனை சந்தோஷம்.

பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு உதவும் கூகுளின் ரீட் அலாங் செயலியையும் பயன்படுத்தினேன். 2020-இல் வந்தபோதே தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் அதில் இருந்தன. ஓசூர், கிருஷ்ணகிரிக்கு அது பெரிய விஷயம். தெலுங்கு பேசும் பிள்ளை முதலில் தெலுங்குக் கதை ஒன்றைக் கேட்டு, பிறகு தமிழுக்கு வந்தால் பயம் குறைகிறது.

ஊத்தங்கரை இங்கிலீஷ் டீச்சர் | ஞாயிறு, காலை 7.20

தளி டீச்சர், அந்த மூன்று குரல் படங்களை இங்கே பகிர முடியுமா? ஊத்தங்கரையில் உருது பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலாவது குரல் சேர்த்துவிடுகிறேன்.

ஓசூர் கணித்தமிழ் | ஞாயிறு, காலை 9.40

நான் ஆசிரியர் இல்லை. ஓசூரில் மென்பொருள் வேலை, ஊர் பாலக்கோடு. தமிழய்யாவின் சிதறிய வினாத்தாளைப் பற்றி எழுத வந்தேன்.

ஐயா, உங்கள் ஒன்பது வருட உழைப்பு எங்கும் போகவில்லை. நடந்தது இதுதான். பழைய எழுத்துருக்களில் (ஃபான்ட்), கணினியில் ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு; அதில் தமிழுக்கு 1991-இலேயே தனி இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனால் டிடிபி கடைகளில் பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது. என்.எச்.எம். மாற்றி மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் நூறு பக்கத்தைச் சில நொடியில் மாற்றலாம். மாற்றிய பிறகு ‘ஔ’ வரும் சொற்களை மட்டும் கண்ணால் பாருங்கள். ‘பௌர்ணமி’ என்பது ‘பெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகக் கிடக்கும். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் தேடும்போது அகப்படாது.

இதைவிட முக்கியமாக ஒன்று. பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லித் தரும்போது தயவுசெய்து தமிழ்99 விசைப்பலகையில் தொடங்குங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த பலகை அது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் ‘பந்து’ என்று எழுத ஆங்கிலத்தில் ஆறு எழுத்தைத் தட்டி, தமிழ் வருமா என்று பார்க்கிறார்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தால் யோசிக்கும் பழக்கம் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிடுகிறது. தமிழ்99-இல் ப, ந, த, உ என்று நாலு தட்டு. புள்ளி வைக்கவே வேண்டாம். ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தால் ‘ந்த’ என்று தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. அவ்வளவுதான். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். போனில் செல்லினம் போன்ற செயலிகளில் இந்தப் பலகை இருக்கிறது.

பென்னாகரம் தமிழய்யா | ஞாயிறு, காலை 10.30

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இது இனவெழுத்துப் பாடம். ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறுநாள் மறக்கும் பகுதி. மெல்லினத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அதன் இன வல்லினம் வரும் என்று நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டுகிறேன். அதே விதியில் ஒரு விசைப்பலகை ஓடுகிறது என்று பதினாறு வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதையும் பிள்ளை விரலால் செய்து பார்க்கலாம். ‘ம’வைத் தட்டி ‘ஆ’வைத் தட்டினால் கண் முன்னால் ‘மா’.

இரண்டு நாள் பயிற்சியில் இந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தால் போதும். கணினி ஆசிரியருக்கு இலக்கணம் தெரியாது, தமிழாசிரியருக்குப் பலகை தெரியாது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தும் பேசிக்கொள்ளவில்லை.

அரூர் பக்கம் ஒரு அம்மா | ஞாயிறு, மதியம் 1.10

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா தெரியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். பிள்ளையின் குரலைப் பதிவு செய்வது பற்றி எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் முன்பு படித்த ஒரு பள்ளியில் அவள் திக்கித் திக்கி வாசித்த ஒலிப்பதிவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ‘முன்னேற்றம்’ என்று எழுதித்தான் போட்டார்கள், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் மறுநாள் பிள்ளைகள் அவள் மாதிரியே திக்கிக் காட்டினார்கள். மூன்று மாதம் வீட்டில் வாய்விட்டு வாசிக்க மாட்டேன் என்று இருந்தாள். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைப்பாள்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒரே ஒரு டச் போன். அது வீட்டுக்காரரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருகிறது. என்னிடம் இருப்பது பட்டன் போன். போனில் வீட்டுப்பாடம் அனுப்பும் ஆசிரியர்களுக்கு எத்தனை வீட்டில் எந்த போன் இருக்கிறது என்பதையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

பென்னாகரம் தமிழய்யா | ஞாயிறு, மதியம் 1.45

அம்மா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. நான் பதிவுகளைக் குழுவில் போடவில்லை. ஆனால் என் போனிலேயே அழிக்காமல் வைத்திருக்கிறேன், போன வருடத்துக் குரல்கள்கூட இருக்கின்றன. பெற்றோரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ‘ழ’ பிடிபட்ட அந்தப் பெண் கேட்டால் அவளுடையதை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு மற்றதை இன்று அழித்துவிடுகிறேன். இனிமேல் அவரவர் குரலை அவரவர் மட்டும் காதில் மாட்டிக் கேட்பார்கள்.

மொரப்பூர் பயிற்றுநர் | ஞாயிறு, மதியம் 2.05

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளையின் குரலும் தரவுதான். நாங்கள் நடத்தும் பயிற்சியில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கியதில்லை. இனி ஒதுக்குவேன்.

பட்டன் போன் பற்றி: எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை மாலை ஏழு மணிக்கு வரிசையாகப் போன் செய்து, ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கதை சொல்ல விட்டுக் கேட்பார். ஒரு நாளைக்கு ஐந்து பேர். அதுவும் தொழில்நுட்ப வழிக் கற்பித்தல்தான்.

காவேரிப்பட்டணம் ஓய்வு தலைமை ஆசிரியர் | ஞாயிறு, மாலை 4.30

முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கண் முன்னால் வானொலிப் பெட்டி வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது, டிவி வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பெரும்பாலும் எல்லாமே பீரோவுக்குள் போயிற்று. ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை என்று வெளியே பேசுவார்கள். காரணம் அது இல்லை.

பொருள் பள்ளிக்கு வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறும். அடுத்த ஆய்வில் வந்து எண்ணுவார்கள். உடைந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். தலைமை ஆசிரியர் கைக்காசு போடுவார், இல்லை என்றால் விளக்கக் கடிதம் எழுதுவார். நானும் பீரோவைப் பூட்டியவன்தான். ஒரு தமிழாசிரியை பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களின் தெருக்கூத்துப் பாட்டை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். பிள்ளைகள் கை வைத்தால் கெட்டுவிடும் என்று மூன்று தடவையும் மறுத்தேன். அந்தப் பெட்டி ஒரு பாட்டையும் பதியாமல் துருப்பிடித்துக் கழிவில் போயிற்று. அந்தப் பாட்டைப் பாடிய பெரியவர்களும் இப்போது இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறவில்லை.

ஆகவே என் கருத்து: ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கும் முன்னால் தலைமை ஆசிரியரை அழைத்து உட்கார வைத்து, பயன்படுத்திக் கெட்டுப்போனால் குற்றம் இல்லை, பயன்படுத்தாமல் வைத்திருந்தால்தான் கேள்வி வரும் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு தாள் பத்துப் பயிற்சிக்குச் சமம்.

அதியமான்கோட்டை | ஞாயிறு, மாலை 5.00

ஐயாவின் பதிவைப் படித்ததும் என் பங்குக்கு ஒன்று எழுதத் தோன்றியது. நான் ஒன்பதாம் வகுப்பு. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். நம் மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. ஆளுக்கு ஒரு கல். படம் எடுத்துக்கொண்டு, கல்லின் முன் நின்று, பார்ப்பதை எல்லாம் போனில் வாயால் சொல்ல வேண்டும். போன் அதை எழுத்தாக்கும். வில், வாள், மாடு, விழுந்த வீரன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எழுத என்றால் நாலு வரிக்கு மேல் நகராத பையன் ஒன்றரைப் பக்கம் பேசினான்.

மறுநாள் வகுப்பில் அந்த எழுத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை, ஒற்று பல இடத்தில் இல்லை. ‘நடுகல்லை படம் எடுத்தேன்’ என்று இருந்தது. சரி, ஏன் ‘நடுகல்லைப் படம்’ என்று ‘ப்’ வர வேண்டும்? இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த விதி, அவர்கள் சொந்த எழுத்தில் முப்பது இடத்தில் தேவைப்பட்டது. ‘போனுக்குத் தமிழ் தெரியலை சார், நான் திருத்துறேன்’ என்று ஒருவன் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் இதுவரை பார்த்ததில்லை.

பர்கூர் புது டீச்சர் | ஞாயிறு, இரவு 8.20

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். இங்கே யாரும் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் இப்போது அதில்தான் தயாரிக்கிறார்கள். நானும் செய்தேன். போன பருவத்தில் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றைப் பொருளோடு தா என்று ஒரு செயலியைக் கேட்டேன். பழந்தமிழ் மாதிரியே ஓசை வரும் ஆறு வரி கொடுத்தது. நெல்லிக்கனிப் பாடல் என்று சொல்லி ஒரு பாடல் எண்ணும் போட்டது, அது 91 இல்லை. எனக்குச் சந்தேகம் வந்ததற்கு ஒரே காரணம், நெல்லிக்கனிப் பாடல் புறநானூற்றில் 91 என்பது கல்லூரியில் படித்தது நினைவில் இருந்ததுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்த்தேன். அந்த ஆறு வரி எங்குமே இல்லை. முழுக்கப் புனைவு. அதை அப்படியே வினாத்தாளில் போட்டிருந்தால் 41 பிள்ளைகள் இல்லாத பாடலைப் படித்திருப்பார்கள். அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் இருந்துகொண்டு ஔவைக்கு நான் அதைச் செய்திருப்பேன்.

இதைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எளிய வாசிப்புப் பத்திகள், தக்காளி மண்டி பற்றியோ மாம்பழக் கூழ் ஆலை பற்றியோ பிள்ளைக்குத் தெரிந்த பொருளில் பத்து வரி வேண்டும் என்றால் அது நன்றாக உதவுகிறது. அதிலும் நான் வரிக்கு வரி திருத்துகிறேன். ஆனால் பழைய இலக்கியம், இலக்கணம் என்று வந்தால் மூல நூலைத் திறக்காமல் ஒரு வரியும் எடுப்பதில்லை. பயிற்சியில் சொல்ல வேண்டியது எப்படிக் கேட்பது என்பதைவிட எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதுதான். இணையக் கல்விக்கழகத்தில் சங்க நூல்கள் உரையோடு இருக்கின்றன, அகராதிகள் இருக்கின்றன, எல்லாம் இலவசம். என்னோடு வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு அந்தத் தளமே தெரியாது.

காவேரிப்பட்டணம் ஓய்வு தலைமை ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.45

91 என்று நினைவில் வைத்திருந்தீர்களே அம்மா. நன்றாக இருங்கள்.

மொரப்பூர் பயிற்றுநர் | ஞாயிறு, இரவு 9.30

நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் தருமபுரியில் கூடலாம். வருகைப் பதிவு இல்லை, சான்றிதழ் இல்லை. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு பாடம், அந்தப் பாடத்தில் பிள்ளைகள் இடறும் ஓர் இடம், அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். காலையில் அந்தத் தாள்களைப் பற்றி மட்டும் பேசுவோம். போன், கணினி எல்லாம் மதியத்துக்கு மேல். ஓசூர் தம்பி வந்தால் தமிழ்99-க்கும் பழைய எழுத்துருவுக்கும் ஒரு மணி நேரம். ஆறு வாரம் கழித்து அதே ஆட்கள் மறுபடி கூட வேண்டும், எது எடுபடவில்லை என்று சண்டை போட. அதற்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.

ஓசூர் கணித்தமிழ் | ஞாயிறு, இரவு 9.36

வருகிறேன். தமிழய்யா, பென்டிரைவை மறக்காமல் கொண்டு வாருங்கள். மாற்றியைப் பென்டிரைவிலேயே வைத்திருப்பேன், இணையம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

தளி எல்லைப் பள்ளி | ஞாயிறு, இரவு 9.50

எனக்கு ஒரு தயக்கம். தளியிலிருந்து ஓசூர் வந்து, கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி வருவதற்கே பத்தரை ஆகிவிடும். திரும்பும்போது கடைசிப் பேருந்தைப் பிடிக்க நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். கிருஷ்ணகிரியில் வைத்தால் அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி ஆட்களும் வருவார்கள். வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம்தான் அதிகம்.

மொரப்பூர் பயிற்றுநர் | ஞாயிறு, இரவு 10.02

கிருஷ்ணகிரியே ஆகட்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பார்க்கிறேன். பதினொன்றுக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்துவிடலாம்.

அரூர் பக்கம் ஒரு அம்மா | திங்கள், காலை 6.15

எனக்கும் இடம் உண்டா? மகள் எட்டாவது. என் மாமியாருக்கு விடுகதை நிறையத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழ்99-இல் அடித்துப் பழகட்டும் என்று நேற்று ராத்திரி தோன்றியது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

பென்னாகரம் தமிழய்யா | திங்கள், காலை 6.40

வாருங்கள் அம்மா. மகளையும் அழைத்து வாருங்கள், சனிக்கிழமைதானே. முடிந்தால் மாமியாரையும்.